எலுமிச்சைக்கு ரெண்டு கோடு

அம்பத்தூரிலிருந்து முகப்பேர் போகும் ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், கழுத்தில் ஆய்வுக்கூட அட்டை தொங்க, போனில் சொன்னாள்: "சார், எலுமிச்சைக்கு ரெண்டு கோடு வந்துடுச்சு."

அவள் போனை வைக்கும்வரை ஓட்டுநர் பொறுத்திருந்தார்.

"இன்னாம்மா, எலுமிச்சை முழுவாம கீதா?"

"இல்லண்ணா. எலுமிச்சை மரத்துக்கு ஒரு பாக்டீரியா நோய் வருது. இலையை அரைச்சு டெஸ்ட் அட்டையில சொட்டு விட்டா, நோய் இருந்தா ரெண்டு கோடு வரும். அதைப் புடிக்கிற ஆன்டிபாடியை, மரபணுவை வெட்டி ஒட்டி நாங்களே லேப்ல செஞ்சோம்."

"அத்த வுட்டா நோய் பூடுமா?"

"போகாதுண்ணா. நோய் இருக்குன்னு காட்டிக்குடுக்கும், அவ்வளவுதான்."

"எங்க ஸ்டாண்டுலயும் ஒருத்தன் அப்டித்தான் கீறான்."

சிக்னலில் வண்டி நின்றது. முன்கண்ணாடியில் மிளகாயோடு தொங்கிய எலுமிச்சம்பழத்தை அவர் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"திருஷ்டி படக்கூடாதுன்னு இத்த நம்பி ஓட்டிக்கினு கீறேன். இதுக்கே ஒடம்பு செரியில்லன்னா, என்னை யாரும்மா பாத்துப்பா?"