எட்டு என்று நான் சொல்லாதது

என் பெயர் கிரேஸ் ஞானமணி. வயது 67. கணவர் ஜோசப், காலமாகிவிட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட் பின்புறம், மாதாகோயில் தெரு, கதவு எண் 14-இல் தனியாகக் குடியிருக்கிறேன். நடுநிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். இன்று 13.03.2025 வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் 17-ஆம் எண் வீட்டில் இருக்கும் எழிலரசன், வயது 38, என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். சிப்காட்டில் ஒரு தனியார் இரும்பு உருட்டாலையில் கிரேன் ஆபரேட்டராக இருக்கிறான். அவன் மனைவி சத்யா பேக்கிங் கம்பெனியில் வேலை செய்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அவன் ஓட்டிய கிரேனிலிருந்து இரும்புக் கட்டு ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று முதல் கேபினுக்கு ஏறினாலே அவனுக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை வியர்த்தது. மருத்துவர் ஒருவர் அல்பிரசோலம் என்ற மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு அவன் சரியாக வேலைக்குப் போய்வந்தான்.

கடந்த சில மாதங்களாக மாத்திரை போட்டும் படபடப்பு அடங்கவில்லை என்று சத்யா என்னிடம் சொன்னாள். எங்கள் தெருவில் மருந்துச் சீட்டு வந்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். நான் படித்து, எந்த வேளைக்கு எது என்று தமிழில் எழுதிக் கொடுப்பேன். திருவள்ளூரில் உள்ள மனநல மருத்துவரிடம் 07.03.2025 வெள்ளிக்கிழமை முன்பதிவு செய்திருந்தோம். சத்யாவுக்கு விடுப்பு கிடைக்காததால் நான் அவனுடன் போனேன்.

பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் போகும்போது, அவன் ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை போடுவதாக என்னிடம் சொன்னான். சீட்டின்படி வாங்குவது இரண்டு, மீதி ஆறு வெளியூர்க் கடை ஒன்றில் சீட்டு இல்லாமல் வாங்குவது. முதலில் இரண்டு போதுமாக இருந்தது, பிறகு நான்கு, இப்போது எட்டு என்றான். எனக்கு அது புரிந்தது. வகுப்பில் முதல் நாள் மேசையை ஒரு தட்டுத் தட்டினால் பிள்ளைகள் அடங்குவார்கள். தினமும் தட்டினால் ஒரு மாதத்தில் பத்துத் தட்டுத் தட்ட வேண்டிவரும். உடம்பும் அப்படித்தான் மாத்திரைக்குப் பழகிவிடுகிறது என்று நானே அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அதற்கு அவன், "சத்யாவுக்குத் தெரியாது டீச்சர். டாக்டர்கிட்டயும் சொல்லிடாதீங்க. எட்டுனு எழுதினார்னா கம்பெனில ஃபிட்னெஸ் சர்ட்டிஃபிகேட் குடுக்கமாட்டான். கிரேன்ல இருந்து எறக்கிட்டா நான் வெறும் ஹெல்பர்தான்" என்றான்.

மருத்துவர், "ஒரு நாளைக்கு எத்தனை போடுறீங்க?" என்று கேட்டார். எழிலரசன், "ரெண்டு சார்" என்றான். மருத்துவர் என்னையும் பார்த்தார். நான் அவன் பக்கத்து நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை.

மருத்துவர் புது மாத்திரை ஒன்று எழுதினார். அது வேலை செய்ய மூன்று, நான்கு வாரம் ஆகும், அதுவரை பழையதை இரண்டிலிருந்து ஒன்றரை, பிறகு ஒன்று, பிறகு அரை என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறக்க வேண்டும் என்றார். "படிப்படியாத்தான் கொறைக்கணும். திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரும்" என்று எங்கள் இருவரிடமும் சொன்னார். அப்போதும் நான் பேசவில்லை.

திரும்பி வந்ததும், மாத்திரைகளை என்னிடம் கொடுத்துவைக்கச் சொன்னேன். கையில் இருந்தால் அவன் எடுத்துப் போடுவான் என்று நினைத்தேன். பைக்கின் பெட்டியில் ஒளித்துவைத்திருந்ததையும் சேர்த்து ஏழு அட்டை கொடுத்தான். அவற்றை என் பழைய ஜாமெட்ரி பெட்டியில் வைத்து அலமாரியைப் பூட்டினேன். சத்யாவிடம், "இனிமே மாத்திரை என் பொறுப்பு, நீ கவலைப்படாதே" என்று மட்டும் சொன்னேன். ஒரு நோட்டில் கோடு போட்டு, தேதி எழுதி, அவன் வந்து வாங்கிப் போடும்போது வருகைப் பதிவேடு போல் குறித்தேன். அந்த நோட்டையும் பெட்டியையும் இப்போது ஒப்படைத்துவிட்டேன்.

காலை ஒன்று, இரவு அரை என ஒன்றரையிலிருந்து தொடங்கினேன். கணக்குப்படி எட்டிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஆறும் அவன் திருட்டுத்தனமாகப் போட்டவை, சீட்டில் இல்லாததை நான் ஏன் சேர்க்க வேண்டும் என்று நினைத்தேன். பார்த்து எழுதிய விடைக்கு மதிப்பெண் போடாமல் அடித்துவிடுவது போல் அதை அடித்துவிட்டேன். அவர் உண்மையில் உட்கொண்ட அளவை அறிந்தே மாத்திரை கொடுத்து வந்தேன். அதன் பிறகு நடந்தது வருமாறு.

சனிக்கிழமை காலை வந்தான். சிரித்துக்கொண்டே, "இன்னா டீச்சர், ரேஷன் கடை மாதிரி எண்ணி எண்ணிக் குடுக்கிறீங்க? கைரேகை வைக்கட்டுமா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை சட்டை முதுகு நனைந்திருந்தது. இரவு முழுக்கத் தூங்கவில்லை என்றான். திங்கட்கிழமை நான் கொடுத்த தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான், பாதி தரையில் சிந்தியது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு குடுங்க டீச்சர்" என்று கேட்டான். நான், "இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ரெண்டு கேப்பே. பொறுத்துக்கோ, நாலு நாள்ல பழகிடும்" என்று சொல்லி அனுப்பினேன்.

11.03.2025 செவ்வாய்க்கிழமை காலை ஐந்தேகால் மணிக்கு, ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகும் வழியில் வந்தான். விளக்கை அணைக்கச் சொன்னான், வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்றான். தோலுக்கு அடியில் எறும்பு ஓடுகிறது என்று கையைச் சொறிந்துகொண்டே இருந்தான். "அடம் புடிக்கல டீச்சர். மெய்யாலுமே முடியல" என்றான். பரீட்சை அன்று வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகளில் எது பொய், எது மெய் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் என்று முடிவு செய்தேன். "லீவு போட்டுட்டுப் படு" என்றும் சொல்லவில்லை. ஒரு மாத்திரை கொடுத்து, நோட்டில் குறித்து, "சமத்தா வேலைக்குப் போ" என்றேன். அவன் கேட்டைச் சாத்திவிட்டுப் போனான்.

ஆறே முக்கால் மணிக்கு கிரேன் ஏணியில் பாதி ஏறும்போது அவனுக்கு வலிப்பு வந்து, பதினைந்தடி உயரத்திலிருந்து விழுந்தான் என்று உடன் வேலை செய்யும் தீனா போன் செய்தான். நானும் சத்யாவும் ஆட்டோவில் கம்பெனிக்குப் போனோம். அதற்குள் ஆம்புலன்சில் ஏற்றியிருந்தார்கள். தலையில் அடி. சென்னை அரசு மருத்துவமனைக்கு அந்த ஆம்புலன்சிலேயே போனோம். அவனுடைய ஒரு கால் செருப்பு மட்டும் சத்யா கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டாள்.

அங்கே பணியில் இருந்த பெண் மருத்துவர், "மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா? எத்தனை?" என்று கேட்டார். சத்யா, "ரெண்டு மேடம், இப்போ கொறைச்சு ஒன்றரை" என்றாள். அப்போது அவனுக்கு மறுபடியும் வலிப்பு வந்தது, கட்டில் தரையில் நகர்ந்தது. மருத்துவர் சத்தமாக, "கரெக்டா சொல்லுங்க, ரெண்டுதானா?" என்றார். நான், "எட்டு" என்றேன். "சனிக்கிழமையில இருந்து ஒன்றரை." மருத்துவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஊசி போடச் சொல்லி உள்ளே ஓடினார். சத்யாவும் என்னைப் பார்த்தாள். "எட்டா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

மாலையில் எழிலரசனின் தாயார் குப்பாயி பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து, "எம் புள்ள மாத்திரையெல்லாம் மறைச்சு வெச்சினு, சோத்துல இன்னாத்தையோ கலந்து குடுத்துட்டா இவ" என்று சத்யாவைக் காட்டிச் சொன்னார். அதையே புகாராகவும் கொடுத்திருக்கிறார். சத்யா வீட்டில் ஒரு மாத்திரைகூட இல்லாததால் நேற்று இந்த நிலையத்துக்கு அவளை அழைத்து விசாரித்ததாகவும், அவள் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்த டப்பாவை எடுத்துச் சென்றதாகவும், இன்றும் வரச் சொல்லியிருப்பதாகவும் அறிந்தேன். வீட்டில் மாத்திரை இல்லாததற்குக் காரணம் அவை என் அலமாரியில் இருந்ததுதான். சத்யா எதையும் மறைக்கவில்லை, எதையும் கலக்கவில்லை. அவளிடமிருந்து மறைத்தவர்கள் எழிலரசனும் நானும்.

இன்று காலை வரை அவனுக்கு நினைவு திரும்பவில்லை. வலிப்பு நின்றிருக்கிறது.

மேற்கண்டவற்றைச் சப்-இன்ஸ்பெக்டர் அன்புராஜ் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் ஓரிடத்தில், "அவர் உண்மையில் உட்கொண்ட அளவை அறியாமல் மாத்திரை கொடுத்து வந்தேன்" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "இருக்கட்டும் டீச்சர், உங்க வயசுக்கு அது உங்களுக்கு நல்லதுதான்" என்றார். அப்படி இருந்தால், எட்டை மறைத்தது சத்யாதான் என்று நாளை அவளை மறுபடியும் கூப்பிடுவீர்கள் என்று சொல்லி, பேனாவை வாங்கி "அறியாமல்" என்பதை அடித்து, மேலே "அறிந்தே" என்று என் கையால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

திருத்தத்துக்குப் பின் முழுவதையும் நானே ஒருமுறை படித்தேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது.

(ஒப்பம்)
ஜோ. கிரேஸ் ஞானமணி