மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

டீச்சர்: அங்கேயே உக்காருங்க. மஞ்சக் கோட்டைத் தாண்டினா நர்ஸ் என்னைத்தான் திட்டும்.

தச்சன்: சொந்தப் பொண்டாட்டிகிட்ட பேச கோடு போட்டு வச்சிருக்காங்க பாரு...

டீச்சர்: கழுத்துக் கட்டிக்கு கதிரியக்க அயோடின் மருந்து குடிச்சிருக்கீங்க. உடம்பு கதிர் வீசுது. இன்னும் ரெண்டே நாள்.

தச்சன்: இருபது வருஷத்துல இப்பத்தான் நான் கொஞ்சம் ஒளி வீசறேன். அதையும் யாரும் பாக்கக் கூடாதாம்.

டீச்சர்: போதும் போதும்.

தச்சன்: ஆமா... அம்மா ஏன் இன்னிக்கு போன் பண்ணலை? பத்து மணின்னா டாண்ணு கூப்பிட்டுடுவாங்களே.

டீச்சர்: அவங்க போன்ல சார்ஜ் நிக்கலையாம். சரி... விடைத்தாள் கட்டு கொண்டாந்திருக்கேன். பசங்க எழுதினதைக் கேக்கறீங்களா? தனிம அட்டவணைப் பாடம்.

தச்சன்: தலைகால் புரியாது. படி, கேப்போம்.

டீச்சர்: "ஒரு தொகுதியில் மேலிருந்து கீழே போகப்போக அணு ஏன் பெரிதாகிறது?" ஒருத்தன் எழுதியிருக்கான்... "வயதாவதால்."

தச்சன்: உன்னைப் பாத்து எழுதியிருப்பான்.

டீச்சர்: கொழுப்பு! ஒவ்வொரு படி இறங்கும்போதும் எலக்ட்ரானுக்குப் புதுசா ஒரு கூடு சேருது. அதான் பெருசாகுது.

தச்சன்: ஒவ்வொரு மாடியா கட்டற மாதிரி.

டீச்சர்: ம். இன்னொருத்தி... "இடமிருந்து வலமாகப் போனால் அணு ஏன் சுருங்குகிறது?" பதில், "கூச்சத்தால்."

தச்சன்: பாவம், அரை மார்க்காவது போடு. நிஜமா எதுக்குச் சுருங்குது?

டீச்சர்: நடுவுல அணுக்கரு இருக்கில்ல... ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் அதோட பலம் கூடுது. ஆனா புதுக் கூடு சேராது. அதே கூட்டுல இருக்கறதையெல்லாம் இன்னும் கிட்ட இழுத்துக்குது.

தச்சன்: அம்மா மாதிரின்னு சொல்லு.

டீச்சர்: அம்மா... இருங்க, அடுத்த தாளைப் பாக்கறேன்.

தச்சன்: என்னாச்சு?

டீச்சர்: ஒண்ணுமில்லை. பக்கம் ஒட்டிக்கிச்சு.

தச்சன்: கண்ணு ஏன் செவந்திருக்கு?

டீச்சர்: ராத்திரி பூரா உக்காந்து திருத்தினேன்.

தச்சன்: ஒரு தாள்லகூட சிவப்பு மையைக் காணோமே.

டீச்சர்: அடியில இருக்கு... இதைக் கேளுங்க. "சோடியத்தைவிட பொட்டாசியம் ஏன் எலக்ட்ரானைச் சுலபமா விட்டுடுது?" இந்தக் கேள்வியை யாருமே தொடலை.

தச்சன்: நீ சொல்லேன்.

டீச்சர்: கடைசிக் கூட்டுல ஒண்ணே ஒண்ணு தனியா இருக்கும். நடுவுலேர்ந்து ரொம்ப தூரம். இடையில இருக்கறதெல்லாம் வேற மறைச்சுக்கும். பிடி... தளர்ந்துடும். லேசா யாராவது இழுத்தா போயிடும்.

தச்சன்: போனப்புறம்?

டீச்சர்: மிச்சம் இருக்கறது முன்னைவிட சின்னதாயிடும்.

தச்சன்: ம்... அம்மாவுக்கு நேத்து மூச்சு வாங்கினதா அண்ணன் சொன்னானே. இப்ப எப்படி?

டீச்சர்: இப்ப... கஷ்டம் ஒண்ணும் இல்லை. நிம்மதியா படுத்திருக்காங்க.

தச்சன்: சரி.

டீச்சர்: நான் கிளம்பட்டுமா? மூணு மணிக்குள்ள போகணும்.

தச்சன்: எங்க?

டீச்சர்: ஸ்கூலுக்குத்தான். தாளெல்லாம் ஒப்படைக்கணும்.

தச்சன்: ஞாயித்துக்கிழமையா?

டீச்சர்: அது... ஹெட்மாஸ்டர் வரச் சொல்லியிருக்கார்.

தச்சன்: போகாம இருக்க முடியாதுல்ல?

டீச்சர்: முடியாதுங்க. நான் இல்லேன்னா நல்லா இருக்காது.

தச்சன்: சேலையை மாத்திட்டுப் போ. முந்தானை பூரா கண் மை.

டீச்சர்: வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. நிறைய தண்ணி குடிங்க. அம்மா போனை... சரி பண்ணித் தரச் சொல்றேன்.

தச்சன்: வேண்டாம்மா, விடு. விடியக்காலையிலேயே அண்ணன் போன் பண்ணிட்டான். அவனால ரெண்டு வார்த்தைக்கு மேல பேச முடியலை. எனக்குத் தெரியும்னு உன்கிட்ட சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். நீ இங்க நின்னு அழுதா, எழுந்து வந்து உன்னைப் பிடிச்சுக்கக்கூட முடியாதே எனக்கு... நாலு மணிக்குத்தானே எடுக்கறாங்க? கிளம்பு. அம்மா முகத்தை நல்லா பாத்துக்கோ... எனக்கும் சேத்து.