வேண்டாம் என்றவர்களைத் தேடிப் போன எங்கள் அக்காவுக்கு

விற்பனைக் கூடத்தின் வெளிச்சத்தைவிட வண்டிக்காரரின் முகவாட்டத்தை நம்பிய மதியே! மின்சாரப் பிக்கப் வண்டிக்கு வாடிக்கையாளரைத் தேடித் தெருத்தெருவாய்த் தேய்ந்த கால்களே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் சந்தை ஆய்வுப் பிரிவைத் திட்டியே வளர்த்த தாயுள்ளமே! அக்கா!

பணி ஓய்வுக்கு வாழ்த்துவதற்கு முன் உங்களோடு ஒரு வழக்கு இருக்கிறது. இன்னும் இரண்டாண்டு இருந்துவிட்டுப் போங்கள் என்று நிர்வாகமும் கேட்டது, நாங்களும் கெஞ்சினோம். ஒரே சொல்லில் "வேண்டாம்" என்றுவிட்டீர்கள். அந்தச் சொல்லை மதிக்கக் கற்றுத்தந்தவரே நீங்கள் என்பதால் எங்களால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

நம் முதல் மின்சாரப் பிக்கப் வெளிவரும் முன் ஆயிரத்து இருநூறு பேரிடம் கேட்டோம். தொள்ளாயிரம் பேர் வாங்குவோம் என்றார்கள். இயக்குநர் அறையில் ஒரே கைதட்டல். நீங்களோ மிச்சமிருந்த முந்நூறு பேரின் முகவரிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினீர்கள்.

"வாங்குறேன்னவங்களை விட்டுட்டு வேண்டாம்னவங்க பின்னாடி ஏம்மா அலையுறீங்க?" என்று சிடுசிடுத்தார் இயக்குநர்.

"வாங்குறேன்னவங்க நமக்கு மரியாதை குடுத்தாங்க சார். வேண்டாம்னவங்கதான் வண்டியை நிஜமாவே ஓட்டிப் பார்க்கிற மாதிரி யோசிச்சிருக்காங்க" என்றீர்கள்.

முதலில் ஒரு குழாய் வேலைக்காரரிடம் போனோம். கேட்டதற்கெல்லாம் அவருடைய முதலாளியே முந்திக்கொண்டு பதில் சொன்னார். பேனாவை மூடிவிட்டீர்கள். ஒருவர் பதிலை இன்னொருவர் சொன்னால் எழுதக் கூடாது என்பது உங்கள் சட்டம். முதலாளி நகர்ந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்: "வண்டி ஜோராத்தான் இருக்கு மேடம். ஆனா எனக்கு நிறுத்துற இடமே தெருதான். மூணாவது மாடியிலேருந்து ஒயரைத் தொங்கவிட்டா சார்ஜ் போடுறது?"

அந்த ஒரு கேள்வி நம் விற்பனைத் திட்டத்தையே தலைகீழாக்கியது. வேகத்தைப் பீற்றிக்கொண்ட விளம்பரம் போயிற்று. குழாயும் கம்பியும் ஏற்றுகிற கடை வாசல்களிலேயே சார்ஜ் போடும் வசதி வந்தது. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள் என்று வண்டியைக் கையில் கொடுத்தோம். அந்த முந்நூறு பேரில் நூற்றுப் பதினாறு பேர் இன்று நம் வண்டிக்காரர்கள். மற்றவர்களையும் நீங்கள் விட்டுவிடவில்லை. ஆண்டுக்கொரு முறை கூப்பிட வேண்டும், விற்கக் கூடாது, நலம் மட்டும் விசாரிக்க வேண்டும் என்று எங்களைப் பாடாய்ப் படுத்தினீர்கள்.

இப்போது உங்கள் முறை. ஏன் வேண்டாம் என்று கேட்டோம். "எங்க வீட்டுக்காரருக்குக் கண் மங்கிக்கிட்டே வருதுப்பா. பார்வை இருக்கிறப்பவே நான் அவர் கண்ணெதிர்ல இருக்கணும்" என்றீர்கள். நீங்கள் போன பின் அழுதோம், அக்கா.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டோம். ஆண்டுதோறும் இதே நாளில் கூப்பிடுவோம். போனை மாமாவிடம் கொடுங்கள். "அக்கா இன்னிக்கு என்ன கலர் உடுத்தியிருக்காங்க?" என்று மட்டும் கேட்போம். அவர் பட்டென்று சொல்லும் ஆண்டெல்லாம் எங்களுக்குக் கொண்டாட்டம்.

உடல் நோகாமல், உள்ளம் வாடாமல், ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சிரித்தபடி நீங்கள் இருவரும் நெடுங்காலம் வாழ்க! என்றேனும் ஓர் ஆண்டு மாமா பதில் சொல்லத் தயங்கினால், அவர் காதோரம் நீங்களே சொல்லிக்கொடுங்கள். அந்த ஒருமுறை மட்டும் உங்கள் சட்டத்தை மீறி, அவர் சொன்னதாகவே எழுதிக்கொள்வோம்.

உங்களிடம் திட்டு வாங்கி வளர்ந்த
சந்தை ஆய்வுப் பிரிவினர்