சோக்கை இழுக்காமல் கிளம்பிய கார்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். பாலை முதலில் ஊற்றிவிட்டீர்கள், தேநீருக்குப் பிறகுதான் ஊற்ற வேண்டும். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

ரோலண்டை எனக்குக் கல்லூரி நாட்களிலிருந்து தெரியும். அவனுடைய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் காரை அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஷ்ராப்ஷயரில் எங்கள் பழைய கார் சங்கம் கோடைதோறும் நடத்தும் கண்காட்சிக்கு நான்தான் நடுவர். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்தபடியே இருக்கும் காருக்குத்தான் கோப்பை. ஒரு திருகாணி மாறியிருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைப்பேன். அதனால் என்னை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை.

போன கோடையில் ரோலண்டின் காருக்கு முழு மதிப்பெண் போட்டேன். போனட்டுக்குள் கார்புரேட்டர்கள் இரண்டும் பளபளத்தன. மாலையில், இன்ஜின் ஆறிக் குளிர்ந்த பிறகு, ரோலண்ட் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுக்கவில்லை. கார்புரேட்டர் வைத்த எங்கள் கார்கள் அப்படிக் கிளம்பாது. சோக்கை இழுத்துப் பிடித்து, கெஞ்சிக் கொஞ்சி, நாலு முறை இருமவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். இவனுடையது சமர்த்தாகக் கிளம்பியது. எனக்குப் புரிந்துவிட்டது. கார்புரேட்டர்கள் வெறும் கூடு. உள்ளே பெட்ரோலைப் பீய்ச்சும் இந்தக் காலத்து எலக்ட்ரானிக் இன்ஜெக்டர்கள்.

அன்று மதுக்கடையில் அவனே எல்லோரிடமும் சொன்னான்.

"நம்ம ஹம்ஃப்ரி கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பார்த்தான்ப்பா. பார்த்துட்டு வெறும் கூட்டுக்கு முழு மார்க் போட்டுட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் என்னைத் தேடி வந்தான்.

"கோவிச்சுக்காதடா. கோப்பையத் திருப்பிக் குடுத்துடறேன். வின்னிக்காகத்தான் மாத்தினேன். மூட்டு வலியில அவளால அந்த சோக்க இழுக்கவே முடியல. அவளுக்கும் ஓட்டணும்னு ஆசை இருக்காதா?"

வின்னி அவன் மனைவி. நல்ல பெண்மணி. ஓட்டுவதற்கு வேறு எத்தனையோ கார்கள் இருக்கின்றன என்றேன்.

வசந்தத்தில் அவர்கள் ஸ்பெயினுக்குப் போனபோது, பூனைக்குச் சாப்பாடு வைக்க என்னிடம் சாவி கொடுத்தார்கள். பூனைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மற்ற நேரத்தில் கராஜில் இருந்தேன். இன்ஜின் முழுவதையும் பழையபடி மாற்ற நாள் போதாது. ஆகவே ஒன்றை மட்டும் சரிசெய்தேன். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் புதுக் குழாயைக் கழற்றிவிட்டு, மேலே நூல் பின்னிய ரப்பர் குழாயை மாட்டினேன். அந்தக் காலத்து அசல் குழாய். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மெதுவாக வந்தால் போதும். இன்ஜெக்டருக்குப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். பழைய குழாய் கொஞ்ச தூரம் தாங்கும், மேடேறி இன்ஜின் சூடானதும் பிளந்துகொள்ளும். இது எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். தெரியும். சங்கத்தின் இதழில் இதைப் பற்றி எச்சரித்து எழுதியதே நான்தான். ரோலண்ட் படித்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் போனட்டைத் திறந்து பார்த்திருக்கவும் வேண்டும். சாவியைத் திருப்பினாலே ஓடுகிற காரை யார் திறந்து பார்க்கிறார்கள்?

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துக் கார்கள் வரிசையாக மலையேறியபோது அதை ஓட்டியது வின்னி. ரோலண்ட்தான் ஓட்டுவான் என்று நினைத்திருந்தேன். அவளிடம் சாவியைக் கொடுத்தது அவன் முடிவு, அதை என் தலையில் கட்டுவது நியாயமில்லை. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். போனட் இடுக்கில் புகை வந்தது, உடனே தீ. அவளருகே உட்கார்ந்திருந்த ரோலண்ட் தன் பக்கக் கதவு வழியாக வெளியே குதித்துவிட்டான். அந்தக் காலத்துக் கதவுக் கைப்பிடி இறுக்கமானது, வின்னியின் விரல்களுக்கு அது வளைந்துகொடுக்கவில்லை. தீ அவள் பக்கம்தான் அதிகம். ரோலண்ட் டிக்கியைத் திறந்து இரண்டு கைகளாலும் துழாவினான். பிறகு வெறும் கையோடு அவள் பக்கம் ஓடினான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் கைகள் இனி உதவாது என்று டாக்டர்கள் சொல்கிறார்களாம். எனக்கும் வருத்தம்தான். வின்னி நல்ல பெண்மணி. அப்படி ஒரு கார் இனிக் கிடைக்கவும் கிடைக்காது.

டிக்கியில் அவன் எதைத் தேடினான் என்று கேட்கிறீர்கள். தீயணைக்கும் சிவப்பு உருளையைத்தான். அதையும் நான்தான் கழற்றி எடுத்துப்போனேன். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று அந்தக் காரில் அது கிடையாது.