நாற்றம் போனதா, மூக்கு போனதா

பெயர்: ஜஸ்டஸ். வயது: 52. தகப்பனார் பெயர்: காலஞ்சென்ற சூசைமிக்கேல். முகவரி: கதவு எண் 4/117, மேற்குத் தெரு, இராஜாக்கமங்கலம் துறை, கன்னியாகுமரி மாவட்டம். தொழில்: விசைப்படகு ஓட்டுநர். வாக்குமூலம் பதிவான நாள்: ஜூலை 29, திங்கள், காலை 11 மணி.

நான் மேற்படி முகவரியில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். கிளீட்டஸைப் படகின் அடியறைக்குள் இறங்கச் சொன்னது யார் என்று ஆய்வாளர் ஐயா என்னிடம் முதலில் கேட்டார்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன், ஐயாவும் சரி என்றார்கள். காவல் நிலையத்துக்குள் நான் வருவது இதுதான் முதல் தடவை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

நான் 'அற்புத அன்னை' என்ற விசைப்படகில் பதினாறு வருடமாக ஓட்டுநராக இருக்கிறேன். படகின் நடுவில் மீனும் ஐஸும் போட்டு வைக்கும் அடியறை ஒன்று உண்டு. மேலே ஒரு ஆள் உடம்பை ஒடுக்கி இறங்கும் அளவுக்குச் சதுரமான வாய், அதற்கு ஒரு மூடி, உள்ளே எட்டடி ஆழம், வேறு வழி கிடையாது. கிளீட்டஸ், வயது 48, அதே படகில் என்னோடு பன்னிரண்டு வருடம் தொழில் செய்தவர். ஷிஜின், வயது 27, என் தங்கை மகன், அவனும் அதே படகில்தான் வேலை. துறையில் யாருடைய எஞ்சின் நின்றாலும், வலை புரொப்பலரில் சுற்றிக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஜஸ்டஸ் அண்ணன் ரெண்டு நிமிஷம் பார்த்தால் போதும் என்பார்கள். அது எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. இதை ஐயா கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன் கடைசியாகக் கரைக்கு வந்த அன்று மழை கொட்டியதால் அடியறையைக் கழுவாமல் மூடிவிட்டோம். தரைப் பலகைக்கு அடியில் சாளை மீனும் மீன் தண்ணீரும் தங்கியிருப்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மற்ற வருடங்களில் கழுவிக் காயவைத்த பிறகுதான் மூடுவோம்.

சென்ற புதன்கிழமை, அதாவது ஜூலை 24 காலை எட்டரை மணிக்கு, தடைக்காலம் முடியப் போகிறதே என்று அறையைச் சுத்தம் செய்வதற்காக நாங்கள் மூன்று பேரும் படகில் ஏறினோம். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஷிஜின் ஓரத்துக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். கிளீட்டஸ் கைலி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எம்மா, உள்ள பொணமா கெடக்கு?" என்றார். நான் சிரித்தேன். அதன் பின், காற்று போகட்டும் என்று மூடியைத் திறந்தபடி போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

எங்கள் தொழிலில் பாதி வேலை மூக்கு செய்யும் வேலைதான். மீன் புதுசா, நேற்றையதா, எஞ்சின் வயர் கருகுகிறதா என்பதை எல்லாம் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். அடைத்துக் கிடந்த அறையைத் திறந்துபோட்டு, நாற்றம் அடங்கியதும் இறங்குவதே வழக்கம். பதினாறு வருடத்தில் அது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த வாயில் தலையை விட்டு முகர்ந்து பார்த்தேன். முதல் தடவை தலை சுற்றியது. இரண்டாம் தடவை கொஞ்சம் குறைவு. மூன்றாம் தடவை லேசாக. நான்காம் தடவை ஒன்றுமே இல்லை. அதன் பின், சந்தேகம் வேண்டாமே என்று ஒரு தகர டப்பாவில் மெழுகுவர்த்தி கொளுத்திக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினேன். அது அணையாமல் எரிந்தது. "பாத்தியாலே, திரி ஆடக்கூட இல்ல" என்று கிளீட்டஸிடம் சொன்னேன். எனக்கு இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது. நான் நினைப்பது சரி என்று சொல்லும் சாட்சியை மட்டும்தான் தேடினேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

சுமார் பத்து மணிக்கு கிளீட்டஸின் மனைவி லீமா, வயது 44, எங்களுக்குக் கஞ்சியும் கறியும் கொண்டுவந்தார். அவர் நாகர்கோவில் சந்தையில் மீன் விற்பவர். படகில் ஏறாமல் கரையில் நின்றபடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "என்னத்த அண்ணே தெறந்து வச்சிருக்கிய? இங்க நிக்கவே கொடலப் பொரட்டுகு" என்றார். நாற்றம் எல்லாம் போயாச்சு என்றேன். அதற்கு லீமா சொன்ன வார்த்தை எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"நாத்தம் போச்சா அண்ணே, இல்ல ஒங்க மூக்கு போச்சா?"

மீன் விற்கிற பொம்பளைக்கு என்னட்டி நாற்றம் என்று நான் கேலி செய்தேன். லீமா விடவில்லை. "அதத்தான் சொல்லுதேன். சந்தையில போயி இருந்தா பத்து நிமிஷத்துல எனக்கு ஒரு மணமும் தெரியாது. சாயங்காலம் பஸ்ஸில ஏறுனா பக்கத்துல இருக்கவிய எந்திச்சு அங்க போறாவ. நாத்தம் எங்கயும் போவல, எனக்குத்தான் தெரியாமப் போவுது" என்றார். கிளீட்டஸ் சிரித்துக்கொண்டே, "வக்கீலம்மா வந்தாச்சு" என்றார். நானும் சிரித்தேன். "போடி, கஞ்சிக்கு உப்பு இருக்கான்னு பாரு" என்று சொன்னேன். என்னிடம் யாராவது கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை அவர்தான் கேட்டார். கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தவர் கேட்டதால் அது என் காதில் ஏறவில்லை.

அதன் பின் 10.20 மணி சுமாருக்கு கிளீட்டஸ் மண்வெட்டியோடு அடியறைக்குள் இறங்கினார். அவர் பலகையைப் பெயர்த்துச் சேற்றை வாளியில் அள்ளிக் கொடுக்க, ஷிஜின் மேலே இழுத்தான். இரண்டு வாளி வந்தது. மூன்றாவது வாளி வரவில்லை. கூப்பிட்டோம், பதில் இல்லை. ஷிஜின் குனிந்து பார்த்து, "மாமா, கிளீட்டஸ் அண்ணன் விழுந்து கெடக்காரு!" என்று கத்திக்கொண்டே, நான் பிடிப்பதற்குள் உள்ளே குதித்தான். ஒரு இருமல் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

நானும் இறங்குவதற்காக ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். அப்போது கரையிலிருந்து லீமா, "அண்ணே, மூக்கு! மூக்கு!" என்று அலறினார். தன் கணவர் உள்ளே கிடந்தும் அவர் என்னை இறங்கச் சொல்லவில்லை. நான் காலை எடுத்தேன். பக்கத்தில் டீசல் கேன் இருந்தது. அதன் மூடியைத் திருகி மூக்கில் வைத்து இழுத்தேன். ஒன்றும் இல்லை. கையில் ஊற்றி முகத்தில் தேய்த்தேன். வழுவழுப்பு தெரிந்தது, எரிச்சல் தெரிந்தது, மணம் மட்டும் இல்லை. பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. புயலில் இரண்டு நாள் எஞ்சின் இல்லாமல் கிடந்தவன் நான், அன்றைக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை. நாற்றம் அடங்கியதாக நான் நினைத்த நேரம் முழுவதும் என் மூக்கு செத்துக் கிடந்திருக்கிறது.

சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். ஷிஜினின் அண்ணன் ஜிபினும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே குதிக்கப் பார்த்தார்கள். நான் முகத்தை வெளிக்காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு அந்தச் சதுர வாயின் மேலேயே உட்கார்ந்து, அதை அடைத்துக்கொண்டேன். ஜிபின் என் கன்னத்தில் அடித்தான், சட்டையைக் கிழித்தான். "தள்ளும் ஓய்! உமக்குப் பயமாட்டு இருந்தா தள்ளும்!" என்றான். "பயம்தான் மக்கா. ரெண்டு பேரு போயாச்சு, மூணாவது நீ போவாத" என்றேன். என் வாயில் ரத்தம் வந்தது. அதன் மணமும் எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடியதையும் சொல்கிறேன். ஈரத் துண்டு கட்டி இறங்கலாமா என்று யோசித்தேன், துண்டு விஷத்தைத் தடுக்காது. ஃபேன் வைக்கலாமா என்று யோசித்தேன், படகில் கரண்ட் இல்லை, கொண்டுவர நேரமும் இல்லை. நல்ல காற்றை எப்படி உள்ளே கொண்டுபோவது என்றே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன். செக்கு மாடு மாதிரி அதே இடத்தைச் சுற்றினேன். அப்போது கூட்டத்துக்குள் ஆன்றோவைப் பார்த்தேன். ஆன்றோ, வயது 35, கடல் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பெயர்க்க முங்குகிறவன். ஒரு முங்கில் நூறு எண்ணும் வரை தாங்குவான். முங்கிவிட்டு நேராக வந்திருந்தான், மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி நெற்றியில் இருந்தது, தலையில் தண்ணீர் சொட்டியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளே காற்றே தேவையில்லை.

"ஆன்றோ, உள்ள கடலுன்னு நெனச்சுக்க. மேலயே மூச்சுப் பிடிச்சிட்டு முங்கு. ஒரு துளிகூட இழுத்திராத" என்றேன். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. "எத்தன ஆளு கெடக்கு?" என்று மட்டும் கேட்டான். அவன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, கையில் சுருக்குப் போட்ட இன்னொரு கயிற்றைக் கொடுத்தோம். ஐம்பது எண்ணியதும் இழுத்துவிடுவோம் என்று சொன்னேன். நான் சத்தமாக எண்ணினேன், கரையே சேர்ந்து எண்ணியது. முப்பத்தெட்டில் கயிறு அசைந்தது. ஷிஜின் வந்தான். ஆன்றோ மேலே வந்து பத்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முங்கினான். கிளீட்டஸ் பலகை இடுக்கில் குப்புறக் கிடந்ததால் சுருக்கு மாட்டவில்லை. ஐம்பதில் ஆன்றோவை வெறுங்கையோடு இழுத்தோம். மூன்றாம் முங்கில்தான் கிளீட்டஸ் வந்தார். லீமா அவர் முகத்திலிருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தார்.

அதன் பின் இருவரையும் ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். ஷிஜின் பிழைத்துக்கொண்டான், இப்போது பேசுகிறான். கிளீட்டஸ் வரும் வழியிலேயே இறந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். அழுகிய மீனில் உண்டாகும் அந்த விஷவாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும் என்றும், மெழுகுவர்த்தி அதைக் காட்டிக் கொடுக்காது என்றும், சேற்றைக் கிளறியதும் இன்னும் கிளம்பியிருக்கும் என்றும் அவர் சொன்னார். பதினாறு வருடம் என் முறை தப்பாமல் இருந்தது, முறை சரி என்பதால் அல்ல. அத்தனை நாளும் உள்ளே விஷம் இல்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் படகு முதலாளி என்னைத் தனியாக அழைத்து, "தானா எறங்குனாருன்னு சொல்லிரும் ஓய், யாருக்கும் கேடில்ல" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டேன். அதுவும் உண்மை. மூன்றாம் நாள் காலையில் எனக்கு மூக்கு திரும்பியது. கொடியில் கிடந்த என் கிழிந்த சட்டையில் அந்த அழுகிய முட்டை நாற்றம் லேசாக அடித்தது. என் மனைவி சட்டையைத் தூரப் போடச் சொன்னாள், நான் போடவில்லை. இப்போது எந்த மணம் வந்தாலும் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். லீமா வீட்டுப் பக்கம் போக இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

மேலே எழுதியதைக் காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடிதான் எழுதியிருக்கிறார், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் 10.20 மணி சுமாருக்கு கிளீட்டஸ் அடியறைக்குள் இறங்கினார் என்று வாசித்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அதற்கு முன் நடந்த ஒன்றை நான் விட்டுவிட்டேன். அதைச் சேர்க்கும்படி கேட்டேன். ஐயா அனுமதித்தார்கள்.

லீமா சொன்னதைக் கேட்டுச் சிரித்த கிளீட்டஸ், சிரிப்பு நின்ற பிறகு உடனே இறங்கவில்லை. அடியறை வாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலைத் தொங்கவிட்டபடி, "அவ சொல்லுகதும் செரியாட்டுதானே இருக்கு, என்ன மக்கா செய்ய?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான், "லே, நாலு தடவ தலைய விட்டுப் பாத்தது நானா அவளா? சும்ம எறங்கு, நான் இருக்கேன்லா" என்று சொன்னேன். அதன் பின்தான் கிளீட்டஸ் இறங்கினார். ஐயா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

இதையும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து வாசிக்கக் கேட்டேன். இப்போது எல்லாம் நடந்தபடி இருக்கிறது. யாருடைய மிரட்டலும் இல்லாமல், பயத்தோடு ஆனாலும் நானாகவே சொன்னேன்.

ஒப்பம்: சூ. ஜஸ்டஸ்