உருண்டைக் கைப்பிடி

நீங்கள் எழுதித் தரச் சொன்ன இந்தத் தாள் நனைந்துவிடக் கூடாதே என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்டது காதில் விழாமல் இல்லை, இன்ஸ்பெக்டர். என் உள்ளங்கை இப்படி வியர்த்ததே கிடையாது. எங்கள் வீட்டில் அது தங்கையின் வியாதி.

பரீட்சை எழுதும்போது கைக்கடியில் கைக்குட்டை விரித்துக்கொள்வாள். அப்படியும் மை கரையும். வகுப்பில் அவளுக்கு ‘குழாய்’ என்று பெயர். யாரும் அவள் கையைத் தொட மாட்டார்கள். சாலையைக் கடக்கும்போது நான் பிடித்துக்கொள்வேன். ஈரம் என் கையிலும் வழியும், துடைத்ததில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அந்த ஈரக் கைதான் எனக்கு மிஞ்சிய குடும்பம்.

நான் தோல் மருத்துவரிடம் நர்ஸ். வியர்வையை நிறுத்தும் ஊசி அங்கே போடுவோம். உள்ளங்கையில் அயோடின் தடவி, காய்ந்ததும் மாவு தூவினால், வியர்க்கும் இடம் கருத்துவிடும். அதன்மேல் பேனாவால் புள்ளி வைப்பது என் வேலை. குப்பியிலுள்ள மருந்துத் தூளை உப்புநீரில் கரைப்பதும் நான்தான். டாக்டர் வந்து புள்ளி புள்ளியாகக் குத்திவிட்டுப் போவார். “மூளை உன்னுது, ஊசி மட்டும்தான் என்னுது” என்பார். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் என் புள்ளிகளை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

தங்கையை அங்கே அழைத்துப் போனதே நான்தான். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கை உலர்ந்த முதல் நாள், வீட்டிலிருந்த காகிதங்களையெல்லாம் எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த முறை கட்டைவிரல் கொஞ்சம் தளர்ந்துபோனது. மருந்து தசைக்குள் இறங்கினால் சிலருக்கு அப்படி ஆகும், மூன்று வாரத்தில் சரியாகிவிடும். யார் தப்பும் இல்லை. மூடியைத் திறக்க முடியாமல் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

“நீ மட்டும் இல்லேன்னா தாகத்துலயே செத்துருவேன்க்கா.”

“பின்ன எதுக்குடி நான் இருக்கேன்?”

சிரித்தோம். அந்த மூன்று வாரமும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கை தேறியது. கட்டட வரைபடம் வரையும் அலுவலகம் ஒன்றில், வேறு ஊரில், அவளுக்கு வேலை கிடைத்தது. ஈரக் கையோடு அவள் கனவிலும் நினைக்க முடியாத வேலை. ஊசியின் பலன் ஆறு மாதம்தான் என்பதால், கிளம்புமுன் இன்னொரு முறை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பக்கத்து அறையில் அவள் பெட்டி அடுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்த வேலையை நிறுத்திவிடுவேன். பூட்டைத் திறந்து, யாருமே இல்லாத வீட்டுக்குள் போய் நின்றிருக்கிறீர்களா? நம் மூச்சு நமக்கே அந்நியர் மூச்சு மாதிரிக் கேட்கும். அதற்குத்தான் பயந்தேன்.

கட்டைவிரல் மேட்டில், கருக்காத இடத்தில், ஒன்பது புள்ளிகள் கூடுதலாக வைத்தேன். மருந்தின் வீரியம் கூடும்படி உப்புநீரைக் குறைத்தேன். டாக்டர் குத்தினார்.

அவளால் பொத்தான் போட முடியவில்லை. பேனா நழுவியது. வேலை கைவிட்டுப் போனது. நான் தலை வாரிவிட்டேன், ஊட்டினேன். என்னைவிடப் பொறுமையாக யார் செய்திருப்பார்கள்?

ஐந்தாம் மாதம் விரல்கள் மறுபடி மடங்க ஆரம்பித்தன. டாக்டர் வெளியூர் போயிருந்த நாளில், சரிப்படுத்தும் ஊசி என்று சொல்லி நானே போட்டேன். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும். அதே வாரம் வாசல் கதவுக்கு, சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், உள்ளேயிருந்து திருகினால்தான் திறக்கும் உருண்டையான பித்தளைக் கைப்பிடி மாட்டினேன். பழைய தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது.

“அக்கா, இது கையில நிக்கவே மாட்டேங்குது. பழசையே போட்டுடேன்.”

“போகப் போகப் பழகிடும்டி.”

அப்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். மேலுதடு வியர்த்திருந்தது. கையைத் தொட்டுப் பார்த்தேன், சருகு மாதிரி உலர்ந்திருந்தது. முன்பெல்லாம் அவள் பயந்தால் என் கைக்குத்தான் முதலில் தெரியும்.

முந்தாநாள் இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்துவிட்டு வேலைக்குப் போனது நான்தான். என் தவறு என்றால் அது ஒன்றுதான். வீடெல்லாம் புகை. கீழ்வீட்டுத் தையல்காரர் கதவை உடைத்து அவளைத் தூக்கி வந்தார். அவள் இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவே கைப்பிடியை இடுக்கித் திருகியிருக்கிறாள். முடியாமல் பல்லால் கடித்துத் திருப்பப் பார்த்திருக்கிறாள். பித்தளையில் தடம் இருக்கிறது என்றீர்கள். இருக்கும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நல்ல பல்.

மருத்துவமனையிலிருந்து வந்த சீட்டை என் பக்கம் தள்ளுகிறீர்கள். நேற்றிலிருந்து அவளால் எதையும் விழுங்க முடியவில்லையாம். கடைசியாக எத்தனை குப்பி கரைத்தேன், எங்கெங்கே குத்தினேன் என்று தெரிந்தால்தான் மருந்து எதுவரை பரவும் என்று கணிக்க முடியுமாம்.

“சொல்லிடுங்கம்மா. மூச்சும் திணறுதாம். உங்க தங்கச்சிதானே?”

ஆமாம், என் தங்கைதான். எண்ணிக்கை எனக்கு மனப்பாடம். பேனாவை மூடி, தாளின் ஈரத்தை முந்தானையால் ஒற்றி, இரண்டையும் உங்கள் பக்கமே நகர்த்திவைக்கிறேன்.

அதை மட்டும் எழுத மாட்டேன். எழுதிக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் அவளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். அவளை இங்கே அழைத்து வாருங்கள்.

நான் ஊட்டினால் விழுங்குவாள்.