சவாரிக்கு ஒரு தொப்பி

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் செருப்பு வாங்க நின்றிருந்தேன். “தொப்பி வடிவுதான். ஆனா மாடுகளைக் கேட்டனீங்களோ?” என்று ஒரு பெண்குரல். திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

அகன்ற விளிம்புத் தொப்பியோடு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் அவளுடைய கணவர் நின்றார். ஞாயிற்றுக்கிழமை அடம்பன் பக்கம் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டியாம். வண்டி ஓட்டப்போவது அவர்தான்.

“ஊரே பாக்க வரும். வெறுந்தலையோடயே போறது?”

“போன முறை கறுப்புக் கண்ணாடி போட்டனீங்கள். ஆரோ பிறத்தி ஆள் எண்டு மாடு ரெண்டும் வெருண்டு, வண்டியை வயலுக்கை கொண்டுபோய் விட்டது மறந்துபோச்சோ?”

“அது மாட்டின்ர பிழை.”

“ஓம், சொல்லுங்கோ! ஒரு வருசமா தவிடும் பிண்ணாக்கும் வைச்சு வளர்த்தது நான். இந்த முறையெண்டாலும் அதுகள் வெல்லோணும்.”

“அப்ப தொப்பி வேண்டாமோ?”

“வாங்குவம். ஓடி முடியுமட்டும் நான் வைச்சிருக்கிறன். வெண்டால் படமெடுக்கேக்க உங்கட தலையில. தோத்தால் தொப்பி எனக்கு.”

அவர் நிலைக்கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார்.

“எதுக்கும் உனக்கு அளவு சரியோ எண்டு பாப்பமப்பா.”